அந்த பஸ் எங்கே போனது

வெள்ளிக்கிழமை இரவு ஒன்பதரைக்கு நாடகம் முடிந்துபோனது.
மூன்று சீசன், நூற்றுப்பதினேழு வாரம்.
மறுநாள் காலை ஏழேகாலுக்கு
கையுறைத் தொழிற்சாலை வாசலில்
என் வேனில் ஏறிய பதினொரு பேரும்
அதைத் துண்டு துண்டாகப் பார்த்திருந்தார்கள்,
இரண்டிரண்டு பேராய்க் கழிப்பறைக்குப் போய்,
சூப்பர்வைசர் கண்ணில் படாமல்,
மாவு ஒட்டிய விரலால் போனைத் தேய்த்து.

கதவை நான் இழுத்து மூடவில்லை இன்னும்.
"இதுக்குத்தானா இத்தன வருசம்?" என்றாள் பவளக்கொடி.
மாமியார் மன்னிப்புக் கேட்கவில்லை.
நிலப் பத்திரம் யார் கையில், தெரியவில்லை.
புருஷன் இரண்டாம் சீசனோடு ஆளே மாறிப்போனான்,
மீசை மட்டும் அதே மீசை.
கடைசியில் இவள் பாட்டுக்கு பஸ் ஏறுகிறாள்,
திரை கறுத்துப்போகிறது.
"பேட்டரி செத்துப்போச்சின்னு நெனச்சி
போனத் தட்டிக்கிட்டே நிக்கிறேன்லா."

"ஏறிட்டால்ல, போதும்" என்றாள் தெய்வானை.
"எறங்குறத எதுக்குக் காட்டணும்?"
"எங்க போனான்னு தெரிய வேணாமா?"
"அம்மா வீட்டுக்கு."
"அம்மாதான் மொத சீசன்லயே போயிட்டாங்களே."
"அப்ப சாவத்தான் போறா" என்றது பின்சீட்டு.
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று
எங்களை முந்திப் போனது.

"காசு முடிஞ்சிருக்கும்" என்றாள் சீட்டுப் பிடிக்கிற யோகமலர்.
"கடைசி மூணு வாரமும் ஒரே பொடவ, பாத்தீங்களா?"
நொராய்னி மலாய் எழுத்தை வாசித்தே
மூன்று சீசனையும் அழுது முடித்தவள்.
அவளுக்குச் சந்தேகமே இல்லை.
கடைசி வசனத்துக்குக் கீழே
போகிறேன் என்றுதான் போட்டிருந்தார்கள்.
போனவள் போனவள்தான்.
"இல்லடி, அவ வரேன்னுல்ல சொன்னா!"
"போறவங்க எல்லாரும்
அதத்தான சொல்றோம்" என்றாள் தெய்வானை,
சன்னலைப் பார்த்தபடி.

பிறகுதான் பவளக்கொடிக்கு ஞாபகம் வந்தது.
"அண்ணே, அந்த பஸ்ஸ ஓட்டுனது நீங்கதான?"

நான்தான்.
பாடாங் செராய் பஸ் நிலையம், நவம்பர் மழை,
பட்டறையில் கிடந்த பழைய பஸ்,
எண்பது வெள்ளி, ஒரு பொட்டலம் நாசி லெமாக்.
"பெட்ரோல் ஸ்டேஷன் வரைக்கும் போனோம்,
எறங்கி டாய்லெட் எங்கன்னு கேட்டுச்சி" என்றேன்.
வேனே சிரித்தது. பவளக்கொடி மட்டும்
"இத நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றாள்.

சொல்லாமல் விட்டது வேறு.
நிறுத்து என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.
கையில் கொடுத்த வாக்கிடாக்கி
மழையில் நனைந்து ஊமையாகியிருந்தது.
பெட்ரோல் ஸ்டேஷன் தாண்டி, சிவப்பு விளக்கு தாண்டி,
கூலிம் சாலையில் ஓட்டிக்கொண்டே போனேன்.
கண்ணாடியில் பார்த்தால்
முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருக்கிறாள்,
கேமரா ஒன்றும் இல்லாத பஸ்ஸில்.
இரண்டு மைல் போனதும் கேட்டாள்:
"அண்ணே, இது எங்க போவுது?"
"உங்களுக்கு எங்க போவணும்?"
யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.
வாயைத் திறக்கிற நேரம் என் போன் அடித்தது.
டைரக்டர் வைத வசவில் பஸ்ஸைத் திருப்பினேன்.
டாய்லெட் எல்லாம் அதற்கப்புறம்.

லயத்து முக்கில் இரண்டு பேர்,
தாமான் நுழைவாயிலில் நாலு பேர்,
கோயில் அருகே தெய்வானை.
வரேண்ணே, வரேண்ணே, வரேண்ணே.
நொராய்னி கையை மட்டும் ஆட்டினாள்.

கடைசியாக இறங்கிய பவளக்கொடி
கதவைப் பிடித்தபடி நின்றாள்.
"எங்கயோ போவட்டும்ணே, அத விடுங்க.
அந்தக் கெழவி ஒரு வார்த்த
மன்னிப்புக் கேட்டிருக்கணும்."
திரும்பிப் போய்த் தன் வீட்டு கேட்டைத் தள்ளினாள்.
அடுப்படி விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
உள்ளே யாரோ இருமினார்கள்.