திரும்பும் வண்டியின் எடை

பெப்ரா சந்திப்பில் எனக்கு இரவு வேலை.
சரக்கு வண்டிகளுக்கு நேரம் பிரித்துக் கொடுக்கிறேன்.
பயணிகள் ரயில் முந்திப் போகட்டும் என்று
உப்பு வண்டி பத்து நிமிடம் ஒதுங்கி நிற்கும்.
ஒதுங்கி நிற்பது எனக்கும் பழக்கம்தான்.

பழைய அலமாரியைக் காலி செய்தபோது
ஒரு கால அட்டவணை கிடைத்தது. 1942.
பார்த்ததுமே தெரிந்தது, வேலை தெரிந்தவன் போட்டது.
இன்ஜின் தண்ணீர் குடிக்கப் பதினெட்டு நிமிடம்.
ராணுவ வண்டிக்கு வழிவிட நாற்பது.
மேடு ஏறப் பின்னாலிருந்து தள்ள இன்னோர் இன்ஜின்.
உள்ளே இருப்பவர்கள் தண்ணீர் குடிக்க
ஒரு கட்டமும் இல்லை.
நானும் பாதையை இப்படித்தான் போட்டிருப்பேன்.

கட்டணம் தனித்தாளில்.
மூன்றாம் வகுப்பு, கிலோமீட்டருக்கு நான்கு பிஃபென்னிக்,
நானூறு பேருக்குக் குறையாவிட்டால் பாதி.
பத்து வயதுக்குள் அரை டிக்கெட்.
நான்குக்குள் இலவசம்.
போவதற்கு மட்டும்.

ஓரத்தில் பென்சிலால் ஒருவர் கேட்டிருக்கிறார்,
ஹெஸல்பாக் என்று கையெழுத்து:
"ஒரு குழந்தைக்குப் பயணத்தின் இரண்டாம் நாள்
நான்கு வயது நிறைகிறது. எப்படிக் கணக்கிடுவது?"
கீழே வேறொரு கை:
"புறப்படும் நாளே கணக்கு. இலவசம்."

அந்தப் பிறந்தநாளை வரைபடத்தில் தேடினேன்.
ஹாலே தாண்டி, எல்பெ ஆறும் தாண்டி
ஏதோவொரு பக்கத் தண்டவாளத்தில்
அது விடிந்திருக்க வேண்டும்.
'நிறுத்தம்: 3 மணி 12 நிமிடம்.
காரணம்: பாதை நெரிசல்.'

யாழ்ப்பாணத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்து
பதுங்குகுழிக்குக் கூரை போட்டார்கள்.
சிலிப்பர் கட்டைக்கடியில் படுத்து
விமானங்களை எண்ணியவன் நான்.
இந்தத் தாளில் உள்ள வழி நெடுக
ஓர் ஆணிகூட அசையவில்லை.

கடைசி வரியில் திரும்பும் பயணம்.
போகையில் 548 டன். வருகையில் 493. காலி.
கழித்துப் பார்த்தேன்,
தினமும் கழிப்பவன்தானே.
ஐம்பத்தைந்து.
அதற்குள் எங்கோ ஒரு பதினான்கு கிலோ,
கட்டணமில்லாமல்.

உப்பு வண்டியை நான் இன்னும் விடவில்லை.
இருபத்தொரு நிமிடம் ஆகிவிட்டது.
ஓட்டுநர் ரேடியோவில் கேட்கிறான், என்னப்பா தாமதம்?
காரணம் எழுத ஒரு கட்டம் உண்டு.
பாதை நெரிசல் என்றேன்.