மாமனும் ஏமானும்

படந்தாலுமூடு தாண்டுமுன்னே ஃபோன்:
"மாமன் நிக்கியான், கேட்டியா."

அம்மைக்கு மூணு ஆங்ஙளமார்.
ஒருத்தரும் எனக்காக
இத்தனை ராத்திரி முழித்ததில்லை.
சந்தையில் அந்தச் சொல்லுக்கு
வேறொரு தொழிலும் உண்டு,
அதைச் சொல்லித்தான் சிரிப்போம்,
கண்ணாடியை ஏற்றிவிட்டு.

களியக்காவிளையில்
டார்ச் முகத்தில் விழுந்ததும்
கிளீனர் ஷைஜினுக்கு நாக்கு மடங்கும்:
"ஏமானே."
தோளில் கிடந்த துண்டு
கக்கத்துக்கு இறங்கிய காலத்துச் சொல்.
இப்போது அதில்
ஐந்நூறு ரூபாயைச் சுருட்டலாம்.

நேற்று அவர் தார்ப்பாயைத் தூக்கும்போது
சட்டைப்பைக்குள் ஒரு பிள்ளைக் குரல்:
"மாமா, கேக்கு உருகுது,
எப்பம் வருவிய?"
டார்ச் அணைந்தது.
அரிசி மூட்டைகளோடு நாங்களும்
இருட்டில் நின்றோம்,
என்ன கூப்பிடுவதென்று தெரியாமல்.

பிறகு கை நீண்டது.

ஏமான்தான்.