உதவிப் புள்ளி

குரே துறைமுகத்தில் மழை.
சைக்கிள் உதிரிபாகக் கிடங்குக்கு மேலே, மூன்றாம் மாடியில்
நடக்கிறது எங்கள் ஐந்து பேருடைய போர்.

இந்த மாதம் என் மேசைக்கு வந்தது
ஒரு கிழட்டு விமானம்.
கடற்படையின் கண்ணாக இருந்ததாம் ஒரு காலத்தில்.
இரட்டை இறக்கை, உள்ளே மரச்சட்டம், மேலே துணி,
சக்கரம் இருக்கவேண்டிய இடத்தில் மிதவைகள்.
காலில் படகைக் கட்டிக்கொண்டு
பறக்கக் கிளம்பிய கொக்கு.

வரைபடத்தின் நகல் ஒன்று கிடைத்தது.
இடது மிதவையின் மேல்
யாரோ எப்போதோ வைத்த தேநீர்க் கோப்பையின் வட்டக் கறை.
வலதைத் திருப்பிப் போட்டு இடதாக்கினேன்.
இறக்கைக்கு நடுவே ஓடும் கம்பிகளை
இரண்டு முறை எண்ணி இரண்டு விடை பெற்றேன்.
உப்புக் காற்றில் வார்னிஷ் மங்கும் விதத்துக்கு மட்டும்
நான்கு நாள்.

சமநிலை பார்ப்பவர் ஹியாமா. அவர் சொன்னார்:
"ஒரிதோ-சான், இது பதினோரு வினாடியில் செத்துவிடுகிறது.
குண்டு கொடுங்கள், முன்னால் இன்னொரு துப்பாக்கியாவது.
வீழ்த்தினால்தானே புள்ளி?"

வீழ்த்தினால் நூறு. மூழ்கடித்தால் ஆயிரம்.
பார்த்தால்?
எங்கள் விதிப்புத்தகத்தில்
பார்வைக்கு விலை எழுதியிருக்கவில்லை.

நான் பிடிவாதம் பிடித்தேன்.
இது சண்டைக்கு வந்ததல்ல என்றேன்.
போகும், பார்க்கும், திரும்பும்.
கப்பலோரம் நீரில் இறங்கும்.
பாரந்தூக்கி அதைப் பூனைக்குட்டி போலப்
பிடரியில் பற்றி மேலே வைக்கும்.
அவ்வளவுதான், கை சுத்தம்.
சொல்லும்போது எனக்கே என்மேல்
கொஞ்சம் மரியாதை வந்தது.

விதியை எழுதினேன்:
பின்னிருக்கைக்காரன் எதைக் காண்கிறானோ
அது தோழர்களின் வரைபடத்தில் சிவப்புப் புள்ளியாகும்.
அவன் பார்த்துக்கொண்டிருக்கும்வரை அழியாது.
மற்றவர் வீழ்த்தினால், கண்டவனுக்கு
உதவிப் புள்ளி ஐம்பது.

சோதனை, வியாழன் இரவு. நானே ஓட்டினேன்.
மேகத்தின் அடிவயிற்றை உரசியபடி போனேன்.
யாரும் என்னைக் கவனிக்கவில்லை.
கீழே ஒரு தீவு, அதன் நிழலில் நங்கூரமிட்ட நாசகாரி,
தளத்தில் வெள்ளை உடையில் சிறு உருவங்கள்.
போன வருடம் மொமோசே செய்தவை.
அவற்றில் ஒன்று எப்போதும்
துணி உலர்த்திக்கொண்டே இருக்கும்,
வேறு அசைவு அதற்குத் தெரியாது.

நான் ஒன்றும் செய்யவில்லை.
பார்த்தேன்.

சிவப்பாய் ஒரு புள்ளி.
பிறகு, நான் காணாத தொலைவிலிருந்து
என்னைக் காணாத பீரங்கிகள்.
முதல் குண்டு தவறியது. இரண்டாவதும்.
நான் பார்வையை எடுக்கவில்லை.
மூன்றாவதில் புகை.
துணி உலர்த்தியவன்
உலர்த்தியபடியே நீருக்குள் போனான்.

திரையின் மூலையில் மெல்ல ஒரு மணியோசை.
ஐம்பது.

கல்லடிக்குக் கவசம் வைத்திருந்தோம்,
மில்லிமீட்டர் கணக்கில், சாய்வுக் கோணம் உட்பட.
கண்ணடிக்கு வைக்கவில்லை.

"பிரமாதம்" என்றார் ஹியாமா.
"இனி எல்லோரும் இதைத்தான் எடுப்பார்கள்.
விலையைக் கூட்டவேண்டும்."

கடைசி ரயிலுக்கு அவர்கள் போனபின்
பதிவேட்டைத் திறந்தேன்.
செலவான தோட்டா: சுழியம்.
வீழ்த்தியவை: சுழியம்.
இவ்வளவு நல்லவளாக என்னை
எந்தக் காகிதமும் காட்டியதில்லை.

பின்னிருக்கைக்காரனை அருகில் இழுத்துப் பார்த்தேன்.
தோல் தொப்பி, கண்ணாடி, கழுத்துத் துணியின் முடிச்சு,
தலை திரும்ப இருபுறமும் நூற்றுப் பத்துப் பாகை.
கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்.
அவற்றுக்கு
இமை வைக்க மறந்திருந்தேன்.

விடியும்வரை அந்த வேலை.
ஆறு வினாடிக்கு ஒரு சிமிட்டல்.
கண் மூடும் கால் வினாடி
வரைபடத்தில் எதுவும் இராது,
தீவின் நிழலில் வெறும் கடல்.

திங்களன்று ஹியாமாவின் குறிப்பு:
'புள்ளி விட்டுவிட்டுத் தெரிகிறது. பிழையா?'

இல்லை என்று பதில் போட்டேன்.
காரணம் கேட்கும் கட்டத்தில்
எதுவும் எழுதவில்லை.