நிற்கத் தெரிந்தவன்

ஓப்பலை ஏற்றிய டிரெய்லர்
அண்டர்பெர்க் சாலையில் திரும்பும்போதும்
உள்ளே உதைத்துக்கொண்டேதான் இருந்தாள்.
அந்தச் சத்தம் தேய்ந்து
ஹடேடா பறவைகளின் கூச்சலில் கரைந்த பிறகு
வேலிக் கம்பியைப் பிடித்தபடி அழுதேன்.
வெட்கக்கேடு,
நிம்மதியில்தான் அழுதேன்.

இரண்டு வருடம்.
காறை எலும்பு ஒன்று, முன்பல் ஒன்று.
ஸ்காட்ஸ்வில் பந்தயத் திடலில் ஓடிக் கழிந்தவளை
அன்பாலேயே பழக்கிவிடுவேன் என்று
கணக்கு டீச்சர் லோகாம்பாள் நாயக்கர்
ஊரெல்லாம் சொல்லி வைத்த வாய்.
பிளாஸ்டிக் பை பறந்தால் பாய்வாள்.
பறக்காவிட்டால்,
பறந்துவிடுமோ என்று பாய்வாள்.
கடைசிக் கடைசியாக
சேணத்தைக் கையில் எடுக்கும்போதே
அவளுக்கு முன்னால் என் வயிறு மிரண்டது.

வாங்க வந்த பெண்ணுக்குப் பத்தொன்பது வயது.
ஏறி உட்கார்ந்ததும் சிரித்தாள்.
ஓப்பல் காதை முன்னால் நீட்டினாள்,
எனக்கு ஒருநாளும் நீட்டாத காது.
அதற்குப் பிறகு
விலை பேச நா எழவில்லை.

தீத்தடுப்புக்கு எரித்த புல்வெளி
கறுத்துக் கிடந்த ஆகஸ்ட் வாரம்
சானி கணவாய் இறங்கி வந்தார் மொலேஃபி.
போர்வைக்கு மேல் போர்வை.
பின்னால், கயிறு தொய்ந்திருக்க, இவன்.
வயது பதினேழு என்றார்.
பல்லைப் பார்த்த டாக்டர்
இருபதுக்குக் குறையாது என்றார்.
மொலேஃபி மறுக்கவில்லை.
"ஏற்றத்தில் போன வருடங்களை
நான் எண்ணுவதில்லை."

குட்டை.
அகன்ற மார்பு, உரல் மாதிரி உட்கார்ந்த உடம்பு.
கண்ணுக்கு மேலே குழி.
பழைய சேணம் தின்ற இடத்தில் மட்டும்
உள்ளங்கை அளவு வெள்ளை மயிர்.
பெயர் லெட்லாபா.
அவர்கள் மொழியில் கற்பலகை.

முதல் நாள்
தொடை தானாகக் கவ்வியது,
கை தானாகக் கடிவாளத்தைச் சுருட்டியது.
தலைக்கு மேல் ஒரு ஹடேடா
கிழித்துக்கொண்டு போனது.
மிரண்டவள் நான்.
அவன் ஒரு காதைத் திருப்பி,
மேலே என்ன தகராறு என்பதுபோல் கேட்டுவிட்டு
நடந்தான்.

கேட் வந்தால்
தாழ்ப்பாளுக்கு என் கை எட்டும்படி
விலாவை ஒட்டி நிறுத்துகிறான்.
தாண்டியதும் திரும்பி நிற்கிறான்.
மூடினால்தான் அடுத்த அடி.
கூட்டுறவுக் கடை வாசலில்
ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம் நிற்கிறான்.
நான் சிகரெட் பிடிப்பதில்லை.
இருந்தாலும் நிற்கிறோம்.
வருகிறவர் போகிறவர் வணக்கம் சொல்கிறார்கள்,
முதலில் அவனுக்கு.

உம்சிம்குலு ஆற்றங்கரையில்
இலை உதிர்ந்த மூன்று பாப்ளர்.
கேட் இல்லை, கடை இல்லை, தண்ணீர் குடிப்பதும் இல்லை.
அங்கேயும் நிற்கிறான்,
பனி மூடிய மலைப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு.
கம்பளி விற்க இறங்கும் வழியில்
மொலேஃபி அங்கே யாரையாவது பார்ப்பாரோ,
யாரையாவது புதைத்தாரோ.
போன் நம்பர் இருக்கிறது.
கேட்கவில்லை.

இன்று காலை அதே இடத்தில்
கடிவாளத்தை அவன் கழுத்திலேயே போட்டுவிட்டு
இரண்டு கையையும்
பிடரிக்கு அடியில் நுழைத்துச் சூடு வாங்கினேன்.
ஓப்பலை நினைத்தேன், கொஞ்சம்தான்.
எங்கேயோ பாய்ந்துகொண்டிருப்பாள்.
பாயட்டும்.
எட்டு மணி வகுப்பில்
முப்பத்தாறு பிள்ளைகள் காத்திருப்பார்கள்
என்பது ஞாபகம் வந்தது.
குதிகாலால் தட்டவில்லை.
ஆற்றின் மேல் ஆவி எழுந்து, கலைந்து,
திரும்பவும் எழுந்தது.

பிறகு
அவனே புறப்பட்டான்.