அரைநாள் சுற்று

ஆறாயிரம் ரூபாய், பெற்றோல் உட்பட.
பருத்தித்துறை கழித்து மணற்காடு மட்டும்
ஓட்டோவில் கூட்டிப் போனேன்.
பெயர் மரிட்சா. பெருவில் ஈக்கா என்றொரு ஊர்.

இது மணல் மூடிய அந்தோனியார் கோயில்,
இது சவுக்கு, அது கடல்.
என்னிடம் இருந்த ஆங்கிலம்
அத்தோடு முடிந்தது.

அவள் செருப்பைக் கழற்றினாள்.
ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தாள்,
கருவாடு வாங்க வந்தவள் மாதிரி.

பிறகு அவள்தான் வழிகாட்டி.
சவுக்கங் கம்பால் கீறினாள்:
இது பசிபிக்,
இங்கே பறவை எச்சத்தில் வெளுத்த தீவு,
இந்தக் குவியல்
பனைக்கு மேல் பனை வைத்த உயரம்,
நடுவில் ஒரு குளம்.
லீமாவிலிருந்து நாலு மணித்தியாலமாம்.
எனக்கு நாலு எட்டு;
கோட்டை மிதிக்காமல் சுற்றி வந்தேன்.

"மழை?" என்றேன்.
சிரித்தாள். தாயின் வீட்டுக்குக் கூரையே பாய்தானாம்,
அதுவும் வெயிலுக்கு.

ஐப்பசி. கடற்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.
முதலில் தீவு போனது,
பிறகு குளம்.
ஓடி வா, ஓடி வா என்று
தமிழில்தான் கத்தினேன்.
வரவில்லை.
வாயைத் திறந்தபடி நடுமணலில் நின்றாள்.

பேசின காசில் மழை சேர்த்தியில்லை.
நான் கேட்கவுமில்லை.
நெல்லியடி வரைக்கும்
பின் சீற்றில் ஈர மணல் நெறுநெறுத்தது.