412ஆம் பக்கத்தின் கடைசி வரி

தடா ஐஸ் ஃபாக்டரியின் அம்மோனியா கம்ப்ரசருக்கு
ஆயிரத்து நூற்று நாற்பது பக்கக் கையேடு.
யாரோ அதை ஸ்கேன் செய்து
அப்படியே போனுக்குள் இறக்கிவிட்டார்கள்,
தேரை மாட்டுக்கொட்டகைக்குள் தள்ளியதுபோல.

பெஞ்சலய்யாவுக்கு நைட் ஷிஃப்ட்.
வீட்டில் தெலுங்கு.
படித்தது எல்லைக்கு இந்தப் பக்கம்,
ஆரம்பாக்கத்தில், தமிழ்.
வெளியே இறால் லாரி ஹாரன் அடிக்கிறது.
கிரீஸ் விரலால் பக்கத்தை விரிக்கிறார்,
இடது ஓரம் ஓடுகிறார், வலது ஓரம் ஓடுகிறார்,
ஒரு வரியைப் பிடிப்பதற்குள்
அடுத்தது நழுவுகிறது.
கடைசியில் கிடைத்தது:

அழுத்தம் இறங்கும்வரை வால்வைத் திற

திரை அங்கே முடிந்தது.
அவர் திறந்தார்.

க்காதீர்கள்
அடுத்த பக்கத்தின் உச்சியில்
கம்பெனி முத்திரைக்குக் கீழே
தலையில்லாமல் உட்கார்ந்திருந்தது.

கண் பிழைத்தது.
இடது கன்னத்தில் மட்டும் வெளிறிய ஒரு தீவு.

‘கொஞ்சம் அழகா பண்ணிக் குடுங்க மேடம்’
என்று மேனேஜர் பென் டிரைவை நீட்டினார்.

சேர்மன் வாழ்த்துரையை முதலில் தூக்கினேன்.
பிறகு இரட்டைப் பத்திகளை.
வரிக்கு ஐந்து சொல்.
எந்தச் சொல்லும் நடுவில் உடையக்கூடாது.
இரவு வேலைக்காரருக்கு வெள்ளைத் திரை கூசும்,
பின்னணியைக் கறுப்பாக்கினேன்.
ஆனாலும் தமிழை என்ன செய்ய?
நம் ‘கூடாது’ எப்போதும்
பந்தி முடிந்த பிறகு வருகிற தாய்மாமன்.
அதுவரை கை காத்திருக்காது.
ஆகவே இப்படி எழுதினேன்:

முள்ளைப் பார்.
சிவப்பில் நின்றால்
கையை எடு.

பெஞ்சலய்யாவிடம் காட்டினேன்.
பாராட்டவில்லை. மெதுவாகப் படித்தார்,
உதடு அசைய.
நாற்பதாவது திரையில் நின்றார்.
‘இந்த டேபிளை ஏன் படுக்க வெச்சிருக்கீங்க?
போனைத் திருப்பணும்னா
ஸ்பேனரைக் கீழே வைக்கணும்.
ஸ்பேனரைக் கீழே வெச்சா
நட்டு திரும்பிக்கும்.’

மூன்று நாள் வேலை அது. அழித்தேன்.
எட்டுப் பத்தி டேபிளை
எட்டுக் குட்டிப் பட்டியலாக நிமிர்த்தினேன்.
அவர் ஒற்றைக் கட்டைவிரலால் தள்ளிப் பார்த்துவிட்டு
‘ம்’ என்றார்.

சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பும்போது
எல்லைப் பலகை:
தமிழ்நாடு உங்களை
மீதியை ஒரு லாரி மறைத்து நின்றது.
முன்பெல்லாம் போய்க்கொண்டே இருப்பேன்.
அன்று வண்டியை ஓரங்கட்டி
லாரி நகரும்வரை நின்றேன்.