உப்பில்லாத ஊர்

உறுமிக்கு இருநூறு வெள்ளி பேசியிருந்தார்கள்,
சாப்பாடு தனி.
ஒன்பது மணிக்கே காய்ந்த செம்பனை மட்டை கொளுத்தித்
தோலைச் சூடேற்றி வைத்தோம்.

பத்தரைக்கு லுமுட்டிலிருந்து வந்தது கடற்படை லோரி.
வெள்ளை உடுப்பில் எட்டுப் பேர்
சேறு பார்த்துப் பார்த்துக் குதித்தார்கள்.

ஆயர் தாவார், உப்பில்லாத தண்ணீர்.
இந்த ஊரில் கப்பல் என்றால்
ஒரே ஆள், கப்பல் சன்னாசி.
இருபத்திரண்டு வருஷம் இஞ்சின் அறையில்.
கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால்
"மேல ஏறினாத்தானே" என்பார்.

முந்தின இரவு போனில் ஒரு குமாஸ்தா
படை எண் கேட்டிருக்கிறார்.
அலமாரி, பிஸ்கட் டின், சாமிப் படத்தின் பின்பக்கம்,
மகன்கள் வீட்டையே கவிழ்த்தார்கள்.
பூவாயி அக்கா அழுகையை நிறுத்தி
எட்டு பூஜ்யம் ஏழு மூணு ஒண்ணு ஒண்ணு
என்றார்.
கடிதம் போட்ட காலத்தில்
உறைமேல் எழுதி எழுதி.
புருஷன் பேரைச் சொல்லாத வாய்க்கு
அதுதான் பேர்.

கொடி போர்த்திய பெட்டி,
மேலே தொப்பி, இரண்டு பதக்கம்.
அதிகாரி என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.
நிறுத்தினேன்.
பியூகல் பையன், சட்டையில் ஹைக்கால் என்று பேர்,
உதட்டை நக்கிக்கொண்டான்.
சாப்பிட்டியா என்றார் பூவாயி அக்கா, மலாயில்.
ஆச்சு என்று பொய் சொன்னான்.

ஊதினான்.
எதிர்க்கடைச் சீனர் இரும்புக் கதவைப் பாதி இறக்கினார்.
நடுவில் ஒரு பிசிறு,
எனக்கு மட்டும் தெரிந்தது.

இன்னொன்றும் எனக்குத் தெரியும்.
அந்தக் காதுகளை இஞ்சின் எப்போதோ தின்றுவிட்டது.
தீமிதிக்கு வருவார்,
கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்து
உறுமியின் இடுப்பில் உள்ளங்கை வைத்து நிற்பார்.
"ஓடுது" என்பார்.

கொடியை மடித்தார்கள்.
முனை சேரவில்லை என்று அவிழ்த்து
மறுபடியும் மடித்தார்கள்.
பூவாயி அக்கா வாங்கி
அக்குளில் இடுக்கிக்கொண்டார்,
பசார் மாலாமுக்குப் போகிற பை மாதிரி.

சல்யூட். அப்புறம் ஒன்றுமில்லை.
ஆரம்பி என்று யாரும் சொல்லவில்லை.
உறுமியைப் பெட்டியோடு ஒட்டிப் பிடித்து
பலகை அதிரும்படி
வளைகுச்சியை அழுத்தித் தேய்த்தேன்.

அதிகாரி ஏதோ சொல்ல வந்தார்.
ஹைக்கால் வெள்ளைக் கையுறையைக் கழற்றிவிட்டு
பெட்டி ஓரத்தில் இரண்டு விரல் வைத்தான்.

இருநூறையும் முழுசாகக் கொடுத்தார்கள்.
நிறுத்தி வைத்த நேரத்தைக் கழிக்கவில்லை.